‘கணக்கு தப்பு’ன்னு சொல்ல ஒரு பட்டன்

‘டொமைன் மாடலிங்’ பற்றி ஒரு எபிசோடு பண்ணுங்கன்னு கேட்டுக்கிட்டே இருந்தீங்க. சிலர், ‘அதெல்லாம் ஆர்க்கிடெக்ட்டுங்க வெள்ளைப் பலகையில கட்டம் போடற சமாச்சாரம்தானே’ன்னும் எழுதியிருந்தீங்க. அதுக்கான பதிலை நான் டெக்ஸ்ட்புக்ல இருந்து சொல்லப் போறதில்லை. ஒரு கோடவுன்ல தொடங்கி, ஒரு டீக்கடை வழியா ஒரு ஜெயில் வரைக்கும் போகப் போறோம்.

முதல்ல கோடவுன். நான் வேலைக்குச் சேர்ந்த புதுசுல, ஒரு டைல்ஸ் கோடவுனுக்கு ஸ்டாக் சாஃப்ட்வேர் எழுதற டீம்ல இருந்தேன். எங்க மாடல் ரொம்ப எளிமையானது. சரக்கு உள்ளே வரும், வெளியே போகும். வெளியே போகணும்னா ஒரு வாடிக்கையாளர் பேர்ல பில் இருக்கணும். ஆறு மாசம் கழிச்சு ரிப்போர்ட் எடுத்துப் பார்த்தா, அதிகமா சரக்கு எடுத்தவங்க வரிசையில மூணாவது பேர்: ‘உடைஞ்சது’. கோடவுன் அண்ணனுக்கு போன் போட்டேன். “தம்பி, டைல்ஸ்னா உடையத்தான் செய்யும். உடைஞ்சதை எழுத உங்க சாஃப்ட்வேர்ல இடமே இல்லியேப்பா. அதான் அந்தப் பேர்ல ஒரு பார்ட்டியைப் போட்டு வெச்சேன்”னார்.

எல்லாரும் சிரிச்சோம். அடுத்த ரிலீஸ்ல ‘சேதாரம்’னு ஒரு ஆப்ஷன் சேர்த்தோம். விஷயம் முடிஞ்சது. ஆனா அன்னிக்கு எனக்கு உறைக்காத ஒண்ணு, இந்த வரலாற்றைப் படிச்சப்போ உறைச்சது. அந்த அண்ணன் உண்மையைப் பதிவு பண்றதுக்காக எங்க சாஃப்ட்வேர்கிட்ட பொய் சொல்ல வேண்டியிருந்தது. அவரைப் பொய் சொல்ல வெச்சது நாங்க. பிரிட்டன்ல இதே மாதிரி ஒரு பொய்க்கு ஆட்களைக் குற்றவாளிகளாக்கியிருக்காங்க.

டொமைன்னா வேற ஒண்ணுமில்லை. நாம எந்தத் தொழிலுக்கு சாஃப்ட்வேர் எழுதறோமோ அந்தத் தொழிலோட உலகம். அதுல யார் யார் இருக்காங்க, என்னென்ன நடக்கும், எதை என்ன பேர் சொல்லிக் கூப்பிடறாங்க, எது நடக்கலாம், எது நடக்கக் கூடாது. அந்த உலகத்தோட ஒரு சின்ன நகலை கோடுக்குள்ள கட்டறோம். அதுதான் மாடல். இந்த வேலையை உலகத்திலேயே முதல்ல செஞ்சவங்க யாருன்னு தேடிப் போனா, ஐபிஎம் வரும்னு நினைப்போம். வர்றது ஒரு டீக்கடை கம்பெனி.

ஜே. லயன்ஸ் அண்டு கோ. 1894-ல் லண்டன் பிக்காடில்லி தெருவில் முதல் டீக்கடையைத் திறந்த நிறுவனம். இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் பிரிட்டன் முழுக்க 200-க்கும் மேற்பட்ட டீக்கடைகள், பெரிய பேக்கரிகள், கேக், ஐஸ்கிரீம், டீத்தூள் என்று அது விரிந்திருந்தது. தலைமையகம் மேற்கு லண்டனில் இருந்த கேட்பி ஹால். இந்தத் தொழிலில் ஒவ்வொரு பில்லிலும் லாபம் மிகச் சிறியது. பில்களின் எண்ணிக்கையோ மிகப் பெரியது. ஒரு கப் டீயில் கிடைக்கும் காசைவிட அதற்குக் கணக்கு எழுதும் செலவு அதிகமானால் கம்பெனி காலி. அதனால் அலுவலக வேலையை எப்படிச் சீராக்குவது என்று ஆராயவே அங்கே தனியாக ஒரு பிரிவு இருந்தது. அதன் பின்னால் இருந்தவர் ஜான் சிம்மன்ஸ், கேம்பிரிட்ஜில் கணிதம் படித்தவர்.

1947-ல் லயன்ஸ் தன் மேலாளர்கள் இருவரை அமெரிக்காவுக்கு அனுப்பியது. டி. ஆர். தாம்சன், ஆலிவர் ஸ்டாண்டிங்ஃபோர்டு. போர்க்காலத்தில் பிறந்த இந்த ‘மின்னணு மூளை’ அலுவலக வேலைக்கு உதவுமா என்று பார்த்து வரச் சொன்னார்கள். பிரின்ஸ்டனில் அவர்கள் சந்தித்த ஹெர்மன் கோல்ட்ஸ்டைன், ‘உங்கள் ஊர் கேம்பிரிட்ஜிலேயே மாரிஸ் வில்க்ஸ் ஒரு கம்ப்யூட்டர் கட்டிக்கொண்டிருக்கிறாரே’ என்று வழிகாட்டினார். லயன்ஸ் வில்க்ஸுக்கு 3,000 பவுண்டு கொடுத்தது, உதவிக்கு ஓர் ஆளையும் அனுப்பியது. 1949 மே மாதம் அந்த எட்சாக் கம்ப்யூட்டர் ஓடியது. அதன் வடிவமைப்பை அடிப்படையாக வைத்து, ஜான் பிங்கர்ட்டன் என்ற பொறியாளர் தலைமையில் லயன்ஸ் தனக்கென ஒரு கம்ப்யூட்டரைக் கட்டியது. பெயர் லியோ: லயன்ஸ் எலக்ட்ரானிக் ஆபீஸ்.

1951 நவம்பரில் லியோ வாரந்தோறும் பேக்கரிக் கணக்கைப் போடத் தொடங்கியது. ரொட்டியும் கேக்கும் எவ்வளவு, அதன் மதிப்பு எவ்வளவு என்ற கணக்கு. வழக்கமான ஒரு வணிக வேலையை கம்ப்யூட்டர் தொடர்ந்து செய்ததில் உலகத்தில் இதுதான் முதல் என்று சொல்வார்கள். பாதரசக் குழாய்களால் ஆன அதன் நினைவகத்தின் கொள்ளளவு 2,048 சொற்கள். இன்னிக்கு நீங்க அனுப்பற ஒரு வாட்ஸ்அப் போட்டோகூட அதுல அடங்காது. அதை வெச்சு இவங்க எப்படித் தொழிலை மாடல் பண்ணாங்கங்கறதுதான் கதையே.

இங்கேதான் டேவிட் கேமினர் வருகிறார். 1936-ல் லயன்ஸில் பயிற்சியாளராகச் சேர்ந்தவர். போரில் ஒரு காலை இழந்து திரும்பி, மறுபடியும் அதே கம்பெனிக்கு வந்தவர். லியோவில் எந்த வேலையை எப்படி ஓட்டுவது என்று முடிவு செய்யும் பொறுப்பு அவருக்கு. அவருடைய டீமில் பலர் லயன்ஸுக்குள்ளிருந்தே எடுக்கப்பட்டவர்கள். உதாரணமாக, மேரி கூம்ப்ஸ் லயன்ஸ் அலுவலகத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்தவர். தேர்வாகி லியோவுக்கு வந்தார். வணிக மென்பொருள் எழுதிய முதல் பெண் என்று இன்று அறியப்படுகிறார். அதாவது, டொமைனை வெளியே இருந்து பார்த்தவர்கள் இல்லை இவர்கள். அதற்குள்ளேயே இருந்தவர்கள்.

பிறகு சம்பளக் கணக்கை எடுத்தார்கள். ஒரு ஊழியரின் சம்பளத்தைப் போட ஒரு குமாஸ்தாவுக்கு 8 நிமிடம் ஆகும். லியோவுக்கு ஒன்றரை விநாடி. ஆனாலும் ‘மெஷின் சொல்லிடுச்சு, அவ்வளவுதான்’ என்று விட்டுவிடவில்லை. குமாஸ்தாக்களும் போடட்டும், லியோவும் போடட்டும் என்று இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் ஓட்டி, ஒத்துப்போகிறதா என்று மாதக்கணக்கில் பார்த்தார்கள். அதன் பிறகுதான் மெஷினை நம்பினார்கள்.

1954-ல் எடுத்த வேலைதான் எனக்கு ரொம்பப் பிடிச்சது. டீக்கடை ஆர்டர்.

ஒவ்வொரு டீக்கடைக்கும் ஒரு பெண் மேலாளர். நாளைக்கு எத்தனை ரொட்டி, எத்தனை பன், எத்தனை பை என்று அவர் தினமும் நீண்ட படிவத்தை நிரப்பி அனுப்ப வேண்டும். கேமினர் டீம் பார்த்தது இதுதான்: பெரும்பாலான திங்கள்கிழமைகள் போன திங்கள்கிழமை மாதிரியேதான் இருக்கின்றன. அப்படியென்றால் கடைக்குக் கடை, கிழமைக்குக் கிழமை ஒரு வழக்கமான ஆர்டரை லியோவிடம் கொடுத்து வைத்துவிடலாம். மாற்றம் இருந்தால் மட்டும் சொன்னால் போதும்.

எப்படிச் சொல்வது? போனில். குறித்த நேரத்தில் கேட்பி ஹாலிலிருந்து அழைப்பு வரும். காதில் ஹெட்செட் மாட்டிய பெண் ஊழியர், மேலாளர் சொல்லச் சொல்ல அந்த மாற்றத்தை மட்டும் நேராகத் துளை அட்டையில் பதிவு செய்வார். அட்டைகள் லியோவுக்குப் போகும். எவ்வளவு சுட வேண்டும், எந்தக் கடைக்கு எதைக் கட்ட வேண்டும், வேனில் எந்த வரிசையில் ஏற்ற வேண்டும் என்பதெல்லாம் அச்சாகி வரும்.

இந்த டிசைனைக் கொஞ்சம் நிதானமா பாருங்க. மெஷினுக்கு ஒரு கருத்து இருக்கு: ‘திங்கள்கிழமைன்னா உனக்கு இவ்வளவு பன் வேணும்’. ஆனா கடைசி வார்த்தை மேலாளரோடது. வெயில் அடிக்குதா, பக்கத்துல ஏதாவது ஊர்வலம் இருக்கான்னு அவங்களுக்குத்தான் தெரியும். ‘இல்லைங்க, நாளைக்கு அப்படி இருக்காது’ன்னு அவங்க சொல்றதுக்கு மாடலுக்குள்ளேயே ஒரு இடம் இருக்கு. அதை விதிவிலக்குன்னு ஒதுக்கலை. அந்தச் சொல்தான் சிஸ்டத்துக்கு தினசரி உள்ளீடே. மெஷினை மறுத்துப் பேசறதுதான் அங்கே டேட்டா.

கேமினரை இன்று ‘சிஸ்டம்ஸ் அனாலிசிஸின் தந்தை’ என்கிறார்கள். தன் சகாக்களுடன் சேர்ந்து அவர் 1996-ல் கொண்டுவந்த லியோ வரலாற்று நூலின் தலைப்பு, ‘யூசர்-டிரிவன் இன்னொவேஷன்’. தலைப்பிலேயே யூசர்.

இனி ஒரு வம்சாவளி சொல்றேன், கவனமா கேளுங்க. 1954-ல் லியோ தனி நிறுவனமானது. 1963-ல் இங்கிலீஷ் எலக்ட்ரிக் கம்பெனியின் கம்ப்யூட்டர் பிரிவோடு இணைந்தது. 1968-ல் அது ஐசிஎல் என்ற பெரிய பிரிட்டிஷ் கம்ப்யூட்டர் நிறுவனத்துக்குள் கலந்தது. 1990-ல் ஐசிஎல்லின் பெரும்பங்கை ஜப்பானின் ஃபுஜிட்சு வாங்கியது. அந்த ஐசிஎல்லின் ஒரு கிளை 1990-களின் இரண்டாம் பாதியில் ஒரு பெரிய ஒப்பந்தத்தை எடுத்தது. அதிலிருந்து பிறந்த சாஃப்ட்வேரின் பெயர் ஹொரைசன்.

ஆமா. பிரிட்டிஷ் தபால் நிறுவனத்தோட அதே ஹொரைசன். டீக்கடை மேலாளருக்குக் காது கொடுத்த லியோவும், பிரிட்டனோட மிகப் பெரிய நீதிப் பிழைகள்ல ஒண்ணுக்குக் காரணமான ஹொரைசனும் ஒரே கம்பெனி வம்சத்துல வந்தவை.

பிரிட்டனில் சப்-போஸ்ட்மாஸ்டர் என்றால் நம்ம ஊர் மாதிரி அரசு ஊழியர் இல்லை. ஊரில் மளிகைக் கடையோ பேப்பர் கடையோ வைத்திருப்பவர். அதே கடைக்குள் ஒரு தபால் கவுன்ட்டரை ஒப்பந்த அடிப்படையில் நடத்துவார். பலர் சேமிப்பையெல்லாம் போட்டுக் கடையை வாங்கியவர்கள்.

ஹொரைசன் முதலில் இவர்களுடைய கணக்கு வழக்குக்காக மட்டும் திட்டமிடப்பட்டது இல்லை. அரசு உதவித்தொகையை கார்டு மூலம் கவுன்ட்டரில் கொடுப்பதுதான் 1996 ஒப்பந்தத்தின் மையம். 1999-ல் அரசு அந்தக் கார்டு திட்டத்தைக் கைவிட்டது. மிஞ்சியதை கிளைகளின் கணக்கு சிஸ்டமாக நாடு முழுக்க இறக்கினார்கள்.

கவுன்ட்டரில் நடந்தது இது. கணக்கு முடிக்கும் நாளில் கையிருப்பை எண்ணி உள்ளே போடுவார்கள். ஹொரைசன் சொல்லும்: ‘2,000 பவுண்டு குறைகிறது’. உண்மையிலேயே பணம் குறைந்திருக்கலாம். சாஃப்ட்வேரின் பிழையாகவும் இருக்கலாம். பிழைகள் இருந்தன. பின்னாளில் டால்மெல்லிங்டன் என்ற ஊரின் பெயரால் அழைக்கப்பட்ட ஒன்றில், 8,000 பவுண்டைக் கணக்கில் மாற்றும்போது திரை நகராமல் நின்றது. அவர் என்டரை மறுபடி மறுபடி அழுத்தினார். அதே 8,000 நான்கு முறை பதிவானது. இல்லாத 24,000 பவுண்டு அவர் கணக்கில் குறைந்தது. நம்மில் யாருமே எழுதாத பிழை இல்லை இது.

பிழை எல்லா சாஃப்ட்வேர்லயும் இருக்கும். நான் சொல்ல வர்றது அதுக்கு அடுத்த திரையைப் பற்றி.

குறைவு வந்தால் திரையில் என்ன செய்ய முடியும்? சொந்தப் பணத்தைப் போட்டு இப்போதே சரிசெய்யலாம். அல்லது தலைமை அலுவலகக் கணக்கில் ஏற்றிப் பிறகு கட்டலாம். ‘இந்தக் கணக்கு தப்பு, நான் ஏற்கவில்லை’ என்பதைப் பதிவு செய்யத் திரையில் வழியே இல்லை. சந்தேகத் தொகையை ஒதுக்கி வைக்க ஆரம்பத்தில் ‘சஸ்பென்ஸ் கணக்கு’ என்று ஒன்று இருந்தது. 2005 வாக்கில் வந்த மாற்றங்களில் அந்த வழியும் அடைபட்டது. குறைவை ஏதோ ஒரு விதத்தில் ஒப்புக்கொள்ளாமல் அடுத்த கணக்குக் காலத்துக்குள் நுழைய முடியாது. நுழையாவிட்டால் மறுநாள் கவுன்ட்டரை நடத்த முடியாது.

மறுப்பு தெரிவிக்க ஹெல்ப்லைனுக்கு போன் போடணும். இங்கேயும் ஒரு போன்! லயன்ஸ் மேலாளரோட போன் சிஸ்டத்தை மாத்தியது. இந்த போன் எதையும் மாத்தலை. ஹாம்ப்ஷயரில் ஒரு கிராமத்துக் கடை நடத்திய ஜோ ஹாமில்டன், ஹெல்ப்லைன் சொன்னபடியே செய்துகொண்டிருந்தபோது, கண் முன்னாலேயே குறைவு இரண்டு மடங்கானது. ‘வேறு யாருக்கும் இப்படி ஆகவில்லை’ என்றும் அவரிடம் சொன்னார்கள். பலரிடமும் இதையே சொன்னார்கள்.

கையில் பணம் இருந்தவர்கள் கட்டினார்கள். வீட்டை அடமானம் வைத்தார்கள், உறவுகளிடம் கடன் வாங்கினார்கள். பணம் தீர்ந்தவர்களில் பலர், கணக்கு சரியாக இருக்கிறது என்று போட்டு அடுத்த நாளைக் கடந்தார்கள். கோடவுன் அண்ணன் ‘உடைஞ்சது’ன்னு ஒரு பார்ட்டியைப் போட்டாரே, அதேதான். உண்மையைச் சொல்ல இடம் தராத சிஸ்டத்துக்குள்ள, கடையைத் திறந்து வெச்சிருக்க ஒரே வழி. ஆனா இங்கே அதுக்குச் சட்டத்துல ஒரு பேர் இருந்தது: பொய்க் கணக்கு எழுதிய குற்றம். ஜோ ஹாமில்டன் அந்தக் குற்றத்தை ஒப்புக்கொண்டார். திருட்டு வழக்கையும் சிறையையும் தவிர்க்க அதுதான் வழி என்று அவருக்குத் தோன்றியது. 2010-ல் சீமா மிஸ்ரா என்ற சப்-போஸ்ட்மிஸ்ட்ரஸுக்கு 15 மாதச் சிறை. அப்போது அவர் கர்ப்பிணி.

1999 முதல் 2015 வரை தபால் நிறுவனமே தொடுத்த வழக்குகளில் மட்டும் 700-க்கும் மேற்பட்டவர்கள் குற்றவாளிகள் ஆக்கப்பட்டார்கள். மற்ற அமைப்புகள் தொடுத்தவற்றையும் சேர்த்தால் 900-ஐத் தாண்டும். கம்ப்யூட்டர் சரியாக வேலை செய்தது என்று முதலில் நிரூபிக்க வேண்டும் என்ற விதி இங்கிலாந்துச் சட்டத்தில் இருந்தது. 1999-ல் வந்த சட்டம் அதை நீக்கிவிட்டது. வேறு ஆதாரம் இல்லாதவரை கம்ப்யூட்டர் சொல்வது சரி என்றே நீதிமன்றம் எடுத்துக்கொள்ளும். சரியில்லை என்று காட்டத் தேவையான ஆதாரங்கள் எல்லாம் தபால் நிறுவனத்திடமும் ஃபுஜிட்சுவிடமும் இருந்தன.

மறுத்தவர்களும் உண்டு. வேல்ஸைச் சேர்ந்த ஆலன் பேட்ஸ் கணக்கை ஏற்க மறுத்தார். 2003-ல் அவருடைய ஒப்பந்தத்தை ரத்து செய்தார்கள். அவர் மற்றவர்களைத் தேடிச் சேர்த்தார். 555 பேர் சேர்ந்து வழக்குத் தொடுத்தார்கள். 2019-ல் நீதிபதி ஃப்ரேசர், ஹொரைசனில் பிழைகள் இருந்தன என்று தீர்ப்பளித்தார். அதே ஆண்டு அவர் தந்த இன்னொரு தீர்ப்பில், குறைவை மறுத்துப் பதிவு செய்ய ஹொரைசனில் வசதி இல்லை என்பதும் இடம்பெற்றது. 2021 ஏப்ரலில் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஹாமில்டன், மிஸ்ரா உட்பட 39 பேரின் தண்டனையை ஒரே நாளில் ரத்து செய்தது. 2024-ல் நாடாளுமன்றமே சட்டம் போட்டு மற்றவர்களின் தண்டனைகளையும் நீக்கியது. 2025 ஜூலையில் வந்த விசாரணை அறிக்கையின் முதல் பகுதி, குறைந்தது 13 பேர் இதனால் தற்கொலை செய்துகொண்டிருக்கலாம் என்றது.

சரி, இதெல்லாம் டொமைன் மாடலிங் பிரச்சினையா? முழுக்க இல்லை. பிழை இருக்குன்னு தெரிஞ்சும் பேசாம இருந்தவங்க, ஆதாரத்தைக் கொடுக்காதவங்க, தொடர்ந்து வழக்குப் போட்ட வக்கீல்கள்னு மனுஷங்க செஞ்சது நிறைய இருக்கு. பழியை ஒரு கிளாஸ் டயக்ராம் மேல போட்டா அவங்க தப்பிச்சிடுவாங்க. ஆனா அவங்க எல்லாருக்கும் வசதியா அமைஞ்சது அந்த மாடல். மறுப்பு எங்கேயும் பதிவாகலை. பதிவாகாததால எண்ணிப் பார்க்க முடியலை. எண்ணிப் பார்த்திருந்தா, நூற்றுக்கணக்கான கிளைகள்ல ‘மறுக்கிறேன்’னு ஒரே சொல் தெரிஞ்சிருக்கும். ‘உங்களுக்கு மட்டும்தான்’னு யார்கிட்டயும் சொல்லியிருக்க முடியாது.

எரிக் எவன்ஸ் 2003-ல் எழுதிய ‘டொமைன்-டிரிவன் டிசைன்’ புத்தகம் நம்மில் பலருக்கும் தெரியும். என்டிட்டி, அக்ரிகேட், ரெப்பாசிட்டரி எல்லாம் இன்டர்வியூவுக்கு மனப்பாடம். ஆனா அந்தப் புத்தகத்தோட அடிப்படை ஒரு சாதாரண விஷயம்: தொழில் தெரிஞ்சவங்களும் கோடு எழுதறவங்களும் ஒரே மொழியைப் பேசணும், அந்த மொழி கோடுலயும் இருக்கணும். இன்னொண்ணும் சொல்வார். ஒரே சொல்லுக்கு வேற வேற இடத்துல வேற வேற பொருள் இருக்கும்; அந்த எல்லையைக் கண்டுபிடிச்சுத் தெளிவா வரையணும். ‘குறைவு’ங்கற சொல்லை எடுத்துக்கோங்க. தலைமை அலுவலகத்துல அதுக்குப் பொருள், வசூலிக்க வேண்டிய கடன். கவுன்ட்டர்ல அதுக்குப் பொருள், விசாரிக்க வேண்டிய கேள்வி. ஹொரைசன் முதல் பொருளை மட்டும் கோடுல எழுதி வெச்சது. பணம் கொடுத்து சாஃப்ட்வேர் வாங்கினவங்களோட மொழி அது. தினமும் அதுல உட்கார்ந்து வேலை செஞ்சவங்களோட மொழி இல்லை.

லயன்ஸ்காரங்க மகான்கள்னு நான் சொல்லலை. அவங்க தங்களோட கடைக்கே சாஃப்ட்வேர் எழுதினாங்க. பன் வீணாப் போனா நஷ்டம் கம்பெனிக்கு. அதனால மேலாளர் சொல்றதைக் கேட்கறதுல அவங்களுக்கே லாபம் இருந்தது. ஹொரைசன்ல கணக்கு தப்பானா நஷ்டம் திரைக்கு முன்னால இருந்தவருக்கு. எழுதினவங்களுக்கும் வாங்கினவங்களுக்கும் இல்லை. நாம பெரும்பாலும் ரெண்டாவது மாதிரி இடத்துலதான் வேலை பார்க்கறோம். டெலிவரி ஆப், கடன் ஆப், அட்டெண்டன்ஸ் சிஸ்டம், எதுவானாலும் நாம தப்பு பண்ணா அபராதம் வேற யாருக்கோ விழும்.

அதனால இப்பல்லாம் ஒரு ஸ்கிரீன் டிசைன் என் கைக்கு வந்தா ஒரே ஒரு கேள்வியைக் கூடுதலா கேட்கறேன். ‘இந்த நம்பர் தப்புன்னு நினைக்கிறவர் அடுத்து எதை அழுத்துவார்?’ பதில் இல்லைன்னா, டிசைன் இன்னும் முடியலைன்னு அர்த்தம். மீட்டிங்ல சில சமயம் முகம் சுளிப்பாங்க. ‘அது எட்ஜ் கேஸ், ஃபேஸ் டூல பார்த்துக்கலாம்’பாங்க. அப்போ நான் ‘உடைஞ்சது’ங்கற வாடிக்கையாளரைப் பற்றிச் சொல்லுவேன். அவங்க சிரிச்சு முடிச்சதும் ஜோ ஹாமில்டனைப் பற்றிச் சொல்லுவேன்.

உங்க ஆபீஸ் சிஸ்டத்துலயும் இப்படி ஒரு ‘உடைஞ்சது’ இருந்தா, கம்பெனி பேர் இல்லாம எழுதி அனுப்புங்க. நல்லதா வர்றதை அடுத்த எபிசோடுல பேசலாம்.